அந்த முகம் அழிந்துவிடுமா?

கேள்வி: பள்ளியில் படிக்கும்போது ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் நாவலுக்கு அடிமையானவர்கள் நாங்கள் நாலு பேர். எங்களைத் தோழிகளாக்கியதே அந்தக் கதைதான். இப்போது எனக்கு 36 வயது. அந்தக் கதை மேடை நாடகமாக வருகிறது. நாலு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால் ஒருத்தி, “நாயகனாக நடிப்பவர் அவன் மாதிரியே இல்லை, நான் வரமாட்டேன்” என்கிறாள். இன்னொருத்தி கறுப்பு அங்கி, உயரமான தொப்பி எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, வசனங்களைக் கூடவே சொல்லப்போகிறாளாம். “இந்த வயதில் இதெல்லாம் தேவையா?” என்று கேட்கிறார் என் கணவர். எனக்கோ வேறு பயம். இத்தனை வருடமாக மனதில் வைத்திருக்கும் அவன் முகம், நாடகத்தைப் பார்த்தால் அழிந்துவிடுமோ? போகலாமா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போங்கள் சகோதரி, கட்டாயம் போங்கள். முகத்தைப் பற்றிய பயத்தை முதலில் பேசிவிடுவோம்.

ரத்தக்காட்டேரி என்றதும் பெரும்பாலானவர்களின் கண்முன் வருவது எது? வழித்து வாரிய முடி, விருந்துக்குப் போகிறவர் போன்ற உடை, கழுத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் காலர் வைத்த நீண்ட கறுப்பு அங்கி. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய ‘டிராகுலா’ நாவலில் இந்த ஆள் இல்லை. அதில் முதலில் வருபவர் நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவர். கதை போகப்போக இளமையாகிறார். தொடக்க அத்தியாயங்களுக்குப் பிறகு அவர் நேரில் தலைகாட்டுவதே குறைவு. நாடக நடிகர் ஹாமில்டன் டீன் 1924-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் அதை மேடையேற்றியபோது, டிராகுலா பிரபுவை வரவேற்பறைக்குள் கூட்டிவந்து மற்றவர்களோடு பேசவைத்தார். அப்படி வந்து நிற்பவருக்கு நாகரிகமான உடை வேண்டுமல்லவா? காலர் வந்த கதை இன்னும் சுவையானது. டிராகுலா மேடையில் சட்டென்று மறைய வேண்டும். அவர் நமக்கு முதுகைக் காட்டி நின்றால், உயரமான காலர் தலையை மறைத்துவிடும். அந்த நேரத்தில் நடிகர் அங்கியிலிருந்து நழுவி, மேடைத் தளத்தில் இருக்கும் ரகசியக் கதவு வழியாக இறங்கிவிடுவார். பிடிக்க வந்தவர்கள் கையில் வெறும் அங்கி மிஞ்சும். 1927-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடிகர் பெலா லுகோசி அந்த வேடத்தை ஏற்றார்; 1931-இல் அவரே திரைப்படத்திலும் நடித்தார். அந்த உருவம் அதோடு நிலைத்துவிட்டது.

வர மறுக்கும் தோழியிடம் இதைச் சொல்லுங்கள். நாவலை முதலில் படித்த ரசிகர்களும் மீசை இல்லாத டிராகுலாவைப் பார்த்து, “இவர் அவர் மாதிரியே இல்லை” என்று சொல்லியிருக்க முடியும். இன்று நமக்கு ‘அசல்’ என்று தோன்றும் உருவத்தைச் செய்து கொடுத்ததே நாடக மேடைதான்.

இதற்கும் முன்னால், 1820-இல் லண்டனில் ஜேம்ஸ் பிளாஞ்சே எழுதிய ரத்தக்காட்டேரி நாடகம் ஸ்காட்லாந்தில் நடப்பதாக அமைந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு நம்பிக்கையே கிடையாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். அரங்க நிர்வாகிக்கு ஸ்காட்லாந்து இசைமேல் ஆசை. அந்த ஊர் உடைகளும் கைவசம் தயாராக இருந்தன. அவர் விடவில்லை. மேடைக்கு வரும் கதை கையில் கிடைப்பதை வைத்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். உங்கள் நாவலிலும் சில காட்சிகள் போயிருக்கும், இரண்டு பாத்திரங்கள் ஒன்றாகியிருக்கலாம். அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போங்கள்.

ஆனாலும் உங்கள் மனதில் இருக்கும் முகம் அழியாது என்றுதான் நான் நம்புகிறேன். முகத்தை அழிக்கும் சக்தி திரைப்படத்துக்கு அதிகம். அங்கே ஒரு கண்ணிமை திரை முழுக்க நிறைந்து நிற்கும். அதையே திரும்பத் திரும்பப் பார்ப்போம். அரங்கில் பதினைந்தாவது வரிசையில் உட்கார்ந்தால் நடிகரின் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். வீட்டுக்கு வந்தபிறகு நினைவில் நிற்பது அவர் நடந்த விதம், ஒரு குரல், பேசாமல் நின்ற ஒரு கணம்.

ஜான் ஐவிடே லிண்ட்க்விஸ்ட் எழுதிய ‘லெட் தி ரைட் ஒன் இன்’ என்ற ஸ்வீடிஷ் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். தனிமையில் வாடும் ஒரு சிறுவனுக்கும், ரத்தம் குடித்து வாழும் ஒரு குழந்தைக்கும் நடுவே மலரும் நேசம்தான் கதை. 2004-இல் நாவல், 2008-இல் திரைப்படம். ஏற்கெனவே ரசிகர்களை நன்றாகப் பிடித்து வைத்திருந்த கதை அது. 2013-இல் ஸ்காட்லாந்து தேசிய நாடக அரங்கு அதை மேடைக்குக் கொண்டுவந்தபோது, இயக்குநர் ஜான் டிஃபானியும் உடலசைவுகளை அமைத்த ஸ்டீவன் ஹாகெட்டும் படத்தோடு போட்டி போடவில்லை. பனி மூடிய பிர்ச் மரக் காடு ஒன்று மேடையில் நின்றது. வார்த்தையில் சொல்ல முடியாத ஏக்கத்தை நடிகர்களின் உடல் சொன்னது. அழைத்தால்தான் ரத்தக்காட்டேரி வீட்டுக்குள் வர முடியும் என்று எத்தனையோ கதைகளில் படித்திருப்போம். மேடையில் உயிருள்ள ஒருவர், நாம் மூச்சுவிடும் அதே காற்றில், வாசலில் நின்று அந்த அழைப்புக்காகக் காத்திருக்கிறார். புத்தகமோ படமோ இதைத் தரவே முடியாது. நீங்கள் போவது இதற்காகத்தான்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒரு பயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாடகம் நன்றாகவே இருந்து, உங்களுக்குப் பழைய படபடப்பு வராமல் போனால்? பதினாறு வயதில் இந்தக் கதையைப் படிக்கும்போது நாம் அந்தப் பெண்ணின் இடத்தில் இருப்போம். நூறு வருடம் காத்திருந்த ஒருவன் நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டான் என்ற கிறக்கம். 36 வயதில் வேறு விஷயங்கள் கண்ணில் படும். அவள் தூங்குவதை அவன் நின்று பார்க்கிறானே, அது சரியா? அவள் அம்மா என்ன பாடுபடுவாள்? எப்போதும் மாறாமல் இருப்பது வரமா? உயிருள்ள ஒரு பெண் மேடையில் நின்று கழுத்தைக் காட்டும்போது, புத்தகத்தில் இனித்த இடம் வயிற்றைக் கலக்கலாம். கலக்கட்டும். அதை உங்கள் காதலின் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சிறுமிக்குத் தேவைப்பட்டதை அந்தக் கதை அன்றே கொடுத்துவிட்டது. இன்று அதே கதையிடம் நீங்கள் வேறு கேள்விகள் கேட்கிறீர்கள். அதனால் ஒரு யோசனை: போவதற்கு முன் நாவலை மறுபடி படிக்காதீர்கள். படித்துவிட்டுப் போனால் இரண்டு மணி நேரமும் விடுபட்ட வரிகளைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வந்தபிறகு படியுங்கள், இரண்டுமே கூடுதலாகப் புரியும்.

வேடம் போடும் தோழியைத் தடுக்காதீர்கள். அங்கி தாராளமாக வரட்டும். தொப்பியை மட்டும் உட்கார்ந்ததும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவரும் காசு கொடுத்து வந்தவர். வசனத்தைக் கூடவே சொல்வது மட்டும் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். காதல் காட்சியில் ஒரு மௌனத்தைக் கட்டி எழுப்ப நடிகர்கள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருப்பார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து வரும் ஒரு முணுமுணுப்பு அதை உடைத்துவிடும். கைத்தட்டலுக்கு இடம் இருக்கிறது, கடைசியில் எழுந்து நின்று கத்தவும் இடம் இருக்கிறது. போனில் படம் பிடிப்பதும் வேண்டாம். அப்புறம், இந்த வகை நாடகங்களில் புகையும், விட்டுவிட்டு மின்னும் விளக்கும், திடீர்ச் சத்தமும் சாதாரணம். உங்களில் யாருக்காவது ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால் அரங்கத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாடகம் முடிந்து நடிகர்கள் வெளியே வரும் வாசலில் காத்திருப்பதானால், நாயகனாக நடித்தவரை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிடுங்கள். “கழுத்தைக் கடிப்பது போல ஒரு போட்டோ” என்று கேட்கவே கூடாது. அவர் வராமலே போகலாம்; ஒரே நாளில் இரண்டு காட்சி நடித்தவருக்கு ஓய்வு தேவை.

உங்கள் கணவரின் கேள்விக்கு நீங்கள் வாதாடிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாலு பெண்களை இத்தனை வருடம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு விஷயம் தேவையா என்று யோசிக்கவே அவசியமில்லை. வர மறுத்த தோழி கடைசி வரை பிடிவாதமாக இருந்தால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். அவளுக்குள் இருக்கும் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. அந்த டிக்கெட்டை உங்கள் கணவரிடம் நீட்டிப் பாருங்கள். கதை தெரியாத ஒருவர் பக்கத்தில் இருந்தால், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறார், எங்கே நெளிகிறார் என்று நாடகத்தை அவர் வழியாகவும் பார்க்கலாம். இடைவேளையில் “அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்டால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.