மேக்கில் வாய்ஸ்ஓவர் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்துகிறது?

வாய்ஸ்ஓவர் என்பது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான். 2005-இல் வந்த டைகர் என்ற இயங்குதளப் பதிப்பிலிருந்து ஆப்பிளின் மேக் கணினியிலேயே சேர்ந்து வருகிறது. "இந்தப் பட்டனின் பெயர் என்ன?" என்று ஒவ்வொரு செயலியிடமும் கேட்டுத்தான் அது சொல்கிறது. கனமான வலைப்பக்கத்தில் சஃபாரி உலாவி திணறினால் பதில் வராது, குரலும் நின்றுவிடும். மேடை மொழிபெயர்ப்பாளர் மாதிரிதான். பேச்சாளர் வாயைத் திறந்தால்தானே அவர் பேச முடியும்?

சரி, பிழை வாய்ஸ்ஓவரிலேயே இருந்தால்? திருத்தம் பெரும்பாலும் இயங்குதள அப்டேட்டோடுதான் வரும். விண்டோஸில் தனியாக நிறுவும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பார்வையற்றவரின் வேலை அந்த நொடியே நின்றுபோவதால், இதைச் சின்னப் பிழை என்று தள்ளிவைப்பது நியாயமில்லை.

குரல் நின்றதும் கணினியே உறைந்துவிட்டதாக நினைத்துப் பவர் பட்டனை அழுத்த வேண்டாம். பல நேரம் கமாண்ட்-எஃப்5 அழுத்தி அணைத்து, மறுபடி அழுத்தினாலே பேச்சு திரும்பிவிடும்.