அவள் பின்னால் யார் போனார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ‘இரேசர்ஹெட்’ படத்தின் ஒலியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. 1977-ல் வந்த அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம். ஹென்றி ஓர் அச்சகத் தொழிலாளி. காதலி மேரியின் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். போன இடத்தில், ஆஸ்பத்திரியில் உனக்குக் குறைமாதத்தில் ஒரு குழந்தை இருக்கிறது என்கிறார்கள். கல்யாணம் ஆகிறது. ஒரே அறையில் குடித்தனம். ஜன்னலைப் பார்த்தால் எதிரே செங்கல் சுவர். மேஜை மேல் துணி சுற்றிய குழந்தை. அதற்கு மனித முகம் இல்லை. அழுகை மட்டும் ஓய்வதில்லை.

அந்தக் குழந்தையை எதைக் கொண்டு செய்தார்கள்?
– வாசகர், அசோக் நகர்

இயக்குநர் டேவிட் லிஞ்ச் கடைசிவரை சொல்லவில்லை. 2025 ஜனவரியில் காலமாகிவிட்டார். சொல்லாததில் எனக்கு வருத்தம் கிடையாது. அந்தக் குழந்தைக்கு உயிர் இருக்கிறது என்று நம்மை நம்ப வைப்பது அதன் குரல்தான்.

சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் ரீரெக்கார்டிங் வேலையில் நான் இருந்த காலத்தில், பச்சைக் குழந்தையின் அழுகையை டப்பிங் பெண்கள்தான் கொடுப்பார்கள். அதில் கெட்டிக்காரரான ஒரு அம்மா இருந்தார். முந்தானையைச் சுருட்டி வாயோரம் வைத்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து ‘ங்ஙா’ என்று ஆரம்பிப்பார். கத்தல் எங்களை ஒன்றும் செய்யாது. கத்திக் கத்தி மூச்சு முட்டி, சத்தம் நின்று, அடுத்த அழுகை வருவதற்கு முன் ஒரு நொடி இருக்கிறதே, அங்கேதான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு வயிற்றைப் பிசையும். லிஞ்சும் அவருடைய ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்ளெட்டும் அந்த நொடியைக்கூட நமக்கு விட்டுவைக்கவில்லை. அழுகை நின்றாலும் அறையில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். ஈபி டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். காது ஓய்வே பெறாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நடு ராத்திரி மூன்று மணிக்கு இருப்பதும் அதே நிலைதான்.

சார், எனக்குக் குழந்தை பிறந்து நாலரை மாதம் ஆகிறது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் கணவர் லேப்டாப்பில் அந்தப் படத்தைப் போட்டார். குழந்தையைப் பார்த்து நான் பயப்படவில்லை. அந்த மேரி பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாளே, அப்போது ‘சரியாத்தானே செய்யறா’ என்று தோன்றியது. தோன்றிய உடனே அழுகை வந்துவிட்டது. நான் கெட்டவளா? மீதிப் படத்தைப் பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம், கொளத்தூர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன். இப்போது வேண்டாம் அம்மா. கடைசியில் அந்தக் குழந்தைக்கு ஒரு கத்தரிக்கோலால் நேர்வது, இந்த நாலரை மாதத்தில் உங்கள் கண்ணில் பட வேண்டிய காட்சி இல்லை. பாப்பா ஓடியாடும் வயதில், பகலில், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.

நீங்கள் சொல்கிற காட்சியை நான் விவரமாகப் பார்த்திருக்கிறேன். மேரி கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு எதையோ பிடித்து இழுக்கிறாள். கட்டிலே குலுங்குகிறது. என்ன செய்கிறாள் என்று நமக்குப் புரிய நேரமாகிறது. கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பெட்டியை உருவுகிறாள். தூக்கமே இல்லை, பைத்தியம் பிடிக்கிறது, ஒரே ஒரு ராத்திரி நீ பார்த்துக்கொள் என்கிறாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு ராத்திரி.

1991-ல் நாங்கள் சாலிகிராமத்தில் ஒரு போர்ஷனில் இருந்தோம். பெரியவன் பிறந்து இரண்டு மாதம். என் மனைவிக்குத் தாய் இல்லை, அதனால் போய்ப் படுக்கத் தாய் வீடும் இல்லை. என் அம்மா பத்து நாள் இருந்து, லேகியம் கிளறிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். எனக்கு நைட் கால்ஷீட். ரெக்கார்டிங் தியேட்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு படத்துக் குழந்தையின் அழுகையை ஏற்றி இறக்கிச் சரிசெய்துவிட்டு, விடியற்காலை வீடு திரும்புவேன். வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவேன்.

ஒரு நாள் நாலரை மணிக்கு வருகிறேன், அவள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை. உள்ளே ஒரு புடவை, ஒரு சோப்பு டப்பா. வீட்டுக்குள் தூளியில் பிள்ளை வீறிடுகிறான். “எங்க போற?” என்றேன். “தூங்கப் போறேங்க” என்றாள். எங்கே போய்த் தூங்குவாள்? அவளுக்கே தெரியாது. அப்போது நான் சொன்னது: “பெத்தவ பேசற பேச்சா இது?”

முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூளியிலிருந்து பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “நீ மேல போய் என் ரூம்ல படு கண்ணு, ஃபேன் போட்டிருக்கேன்” என்றார். என் மனைவி விடிகாலை ஐந்து மணிக்குப் படுத்து மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்தாள். எழுந்ததும் பிள்ளையைத்தான் கேட்டாள்.

இந்தப் படத்தை நான் பார்த்தது அதற்கு அடுத்த வருஷம். ஒலிப்பதிவாளர் நண்பர் ஒருவர் வீட்டில், வீடியோ கேசட்டில், ஒலியைக் கவனிப்பதற்காகவே உட்கார்ந்தோம். மேரி பெட்டியை உருவும் இடத்தில் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மேரி கிளம்பியதும் கேமரா அறையிலேயே ஹென்றியோடு தங்கிவிடுகிறது. அந்த ராத்திரி அவள் தூங்கினாளா, அவள் அம்மா வீட்டில் என்ன சொன்னார்கள், எதுவும் நமக்குக் காட்டப்படுவதில்லை. லிஞ்ச் இளம் வயதில் தகப்பனானவர். அவர் மகள் 1968-ல் பாதங்கள் வளைந்த நிலையில் பிறந்தாள், படவேலை 1972-ல் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பலர் பேசியிருக்கிறார்கள். அவர் விளக்கம் எதுவும் தரவில்லை. ஆனால் இது ஒரு தகப்பனின் பயத்தைப் பற்றிய படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பயத்தை இவ்வளவு உண்மையாக எடுத்தவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. அவர் கேமரா மேரியின் பின்னால் வாசல்வரைகூடப் போகவில்லை என்பதுதான் எனக்குள்ள ஒரே மனக்குறை.

நீங்கள் கெட்டவள் இல்லை. ஆனால் ஒன்று செய்யுங்கள். இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுத்து, வாரத்தில் இரண்டு ராத்திரியாவது முழுதாக அவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பாலைப் பீய்ச்சி வைத்தால் ஒரு வேளையை அவர் ஊட்டலாம். பிரசவமான பெண்களில் உலக அளவில் நூற்றுக்கு 13 பேருக்கும், வளரும் நாடுகளில் ஏறக்குறைய 20 பேருக்கும் மனநலச் சிக்கல் வருகிறது, அதில் பெரும்பகுதி மனச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், உங்களுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எடின்பரோவில் வகுத்த பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. அதை வைத்து அவர்கள் விசாரிப்பார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

எங்கள் அம்மா ஒன்பது பெற்றாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிள்ளைப்பேற்றைப் பேய்ப்படமாக எடுப்பது பாவம். அதை நீங்கள் மெச்சுவது அதைவிடப் பாவம்.
– வாசகர் (வயது 74), மயிலாப்பூர்

ஐயா, உங்கள் அம்மாவை மனதார வணங்குகிறேன். அந்த வீட்டில் அப்போது எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பாட்டி, அத்தை, கொழுந்தியார், வேலைக்கு வரும் அம்மா. பிள்ளை பெற்றவளைத் தனியாக விடாதே, காத்து கருப்பு அண்டிவிடும் என்று சொல்லி, வாசலில் வேப்பிலையும் தலைமாட்டில் இரும்பும் வைத்தார்கள். காத்து கருப்பு உண்டா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை. தனியாக விடாதே என்று சொன்னதால் பக்கத்தில் எப்போதும் ஒருத்தி படுத்திருந்தாள். இன்றைக்குப் பன்னிரண்டாவது மாடி ஃப்ளாட்டில் வேப்பிலையும் இல்லை, அந்த ஒருத்தியும் இல்லை.

அப்படிக் காவல் இருந்த காலத்திலும் எல்லாரும் பிழைத்துவிடவில்லை. என் பெரியம்மா ஒருத்தி கிணற்றில் போனவள். கால் தவறிவிட்டது என்றுதான் குடும்பத்தில் இன்றுவரை சொல்கிறார்கள். அவள் குழந்தைக்கு அன்று இருபத்தெட்டு நாள். அந்தக் குழந்தை, என் அண்ணன், இப்போது உங்கள் வயதுக்காரர். முகம் சுளிக்காத தாயைப் பற்றி நமக்கு ஆயிரம் பாட்டு இருக்கிறது. சுளித்தவளைப் பற்றி யாராவது பேசத்தான் வேண்டும் ஐயா.

தமிழில் ஏன் இப்படி ஒரு கதை வரவில்லை? நமக்குப் பேய் என்றால் வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் மட்டும்தானா?
– கல்லூரி மாணவர், தரமணி

சென்ட்ரலில் அரக்கோணம் மின்வண்டி ஏறித் திருவாலங்காட்டில் இறங்குங்கள் தம்பி. திருவள்ளூர் தாண்டி இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தன்னையே பேயாக ஆக்கிக்கொண்டு, தலையால் நடந்து சேர்ந்த தலம். அங்கே அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டு. சுடுகாட்டில் ஒரு பெண் பேய், நிணத்தைத் தின்றுவிட்டு, மண்டையோட்டு மாலை போட்டுக்கொண்டு தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைக்கிறது. சீராட்டி வளர்க்கிறது. உடம்புப் புழுதியைத் துடைத்துவிட்டுப் பால் கொடுக்கிறது. அப்புறம் எங்கோ போய்விடுகிறது. போன தாய் வராததைக் கண்டு, பிள்ளை அழுது அழுது அப்படியே தூங்கிப்போகிறது.

அந்தக் காட்டில்தான் இறைவன் ஆடுகிறான் என்று பாட்டு முடியும். நான் படித்த அத்தனை பேய்க்கதைகளிலும் இந்தப் புழுதி துடைக்கிற கைதான் என்னை உலுக்கியது. நம் வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதை அப்படியே சுடுகாட்டில் வைத்துவிட்டார். பிள்ளை அழுது தூங்குகிற அந்த ஓசையை எந்த மைக்கில் பிடிப்பது என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

பக்கத்திலேயே பழையனூர். நீலி கதை நடந்த ஊர். முற்பிறவியில் கணவன் கையால் கொலையுண்டவள், பேயாகி, ஒரு கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபிறவி எடுத்த அந்தக் கணவனைக் காட்டி ‘இவன் என் புருஷன்’ என்று ஊர்ச்சபையில் நிற்கிறாள். சபை நம்பியது. அவன் செத்தான். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேர் தீயில் இறங்கினார்கள். நாம் இன்றும் ‘நீலிக் கண்ணீர்’ என்று அவளைத்தான் திட்டுகிறோம். கொன்றவனைத் திட்ட ஒரு சொல் இல்லை. படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஒலிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

மனைவிக்குப் பிரசவமாகிப் பத்து நாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. இது என் குழந்தையே இல்லை, ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள், சமையலறையில் யாரோ பேசுகிறார்கள் என்கிறாள். திருஷ்டி என்று சொல்லி அம்மா சுற்றிப்போட்டார். நீங்கள் எழுதிய படம் மாதிரியே இருக்கிறது சார்.
– பெயர் வேண்டாம், வில்லிவாக்கம்

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றைக்கே பேசிவிட்டேன். இதே நிலையில் இன்னொரு வீடு இருக்கலாம் என்பதால் அச்சிடுகிறேன்.

இது சினிமாக் கேள்வி இல்லை. கொளத்தூர் வாசகிக்குச் சொன்ன சோர்வும் இல்லை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருகிற கடுமையான மனநோயாக இருக்கலாம். சரியான மருந்தில் குணமாகும். ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியாக விடக்கூடாது. சண்டை போடாதீர்கள், ‘பெத்தவளா நீ’ என்று கேட்காதீர்கள்.

சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆகிய அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794-லிருந்து இருக்கிற கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி பேசியே நம் ஊர் பல பேரை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டது. 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108.

வில்லிவாக்கம் தம்பி மறுநாள் மதியம் திரும்பக் கூப்பிட்டார். வார்டு வராந்தாவிலிருந்து பேசுகிறேன் என்றார். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. “உங்க பாப்பாவா?” என்றேன். “ஆமா சார், எங்க அத்தை வெச்சிருக்காங்க. அவ தூங்கறா” என்றார்.