மூளை முடக்குவாதம் உள்ள 4 வயது மகனுக்கு வீட்டில் படிக்கும் இடத்தை எப்படி அமைப்பது? என்ன பொருட்கள் வாங்கலாம்?

வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். இந்நேரம் நாலைந்து விளையாட்டுச் சாமான்களை இணையத்தில் பார்த்து வைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பையன் எப்படி உட்காருகிறான்?

நான் தச்சு வேலை செய்பவன், மருத்துவன் இல்லை. என் மகளுக்கும் இதே பிரச்சினைதான். தரையில் உட்கார வைத்தால் சரியாமல் இருக்க ஒரு கையை ஊன்றிக்கொள்வாள். மிச்சம் ஒரு கையை வைத்து என்ன விளையாடுவது? பிசியோதெரபி மேடம் அளவு எடுத்துத் தர, மூலை நாற்காலி செய்தேன். இரண்டு பலகை செங்கோணத்தில் சேரும் இடத்தில் முதுகு பதியும். தோள்கள் தானாக முன்னே வரும், கைகள் நடுவில் சேரும். கால்கள் கத்தரிபோல் பின்னாமல் இருக்கத் தொடைகளுக்கு நடுவே ஸ்பாஞ்சு சுற்றிய கட்டை, பாதம் தொங்காமல் இருக்கக் கால்பலகை. மேசை முழங்கை உயரம். வயிற்றுப் பக்கம் அரைவட்டமாக வெட்டி, சாமான் உருண்டு விழாதபடி ஓரத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தேன். அதில் உட்கார்ந்த அன்றே கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். எத்தனையோ வீட்டுக்கு நிலைக்கதவு செய்திருக்கிறேன், வருகிறவர்களிடம் காட்டுவது இந்த நாற்காலியைத்தான்.

பொருட்களுக்குப் பெரிய செலவு வேண்டாம். கிரேயானில் சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள், பிடிக்க வரும். புத்தகப் பக்கங்களின் ஓரத்தில் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டினால் ஒவ்வொன்றாகப் புரட்டலாம். பார்வையும் குறைவென்றால் கறுப்புத் துணிமேல் மஞ்சள் பொருளை வையுங்கள். வெளிச்சம் பிள்ளையின் முதுகுப் பக்கமிருந்து வரட்டும்.

‘ரெடிமேடாகவே கிடைக்கிறதே’ என்று யாராவது வருவார்கள். வசதி இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. பிள்ளை வளர வளரக் கால்பலகையை இறக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். என் மகளின் அளவு உங்கள் மகனுக்கு உதவாது என்பதால்தான் அளவு எதையும் எழுதவில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மகள் படிக்கும் பள்ளியில் சாய்தளம் இருக்கிறது. 1 அடி ஏற்றத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அங்கே 2 அடி ஏற்றத்துக்கு 6 அடிதான், அதிலும் பாதியைப் பூந்தொட்டி பிடித்திருக்கிறது. பள்ளிக் கட்டடம் மாற்றுத்திறனாளிகள் புழங்கும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. கேட்டால், “சின்னப் பொண்ணுதானே சார், தூக்கிட்டு வந்துடுங்க” என்கிறார்கள். அவளுக்கு 8 வயது. கழிப்பறை வாசலில் இருக்கும் படியை எடுத்துவிட்டு நானே சரிவு போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.