கொழுப்பு மாத்திரை கிட்னியைக் காப்பாற்றுமா?

கேள்வி: டாக்டர், வயது 56. ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.8. அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிட்னி மேலும் கெடாமல் இது தடுக்குமா?

பதில்: தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனாலும் விடாமல் சாப்பிடுங்கள். சிறுநீரக நோயாளிகளில் பலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும் முன்பே இதயம் மோசம் செய்துவிடுகிறது. மாத்திரை அங்கேதான் கைகொடுக்கும். 2011-இல் வெளியான ‘ஷார்ப்’ ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு கொழுப்பு மாத்திரைகளான சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.யும் எசெட்டிமைப் 10 மி.கி.யும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாரடைப்பு, அடைப்பால் வரும் பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன. கிட்னி பழுதாகும் வேகம் மட்டும் அப்படியே இருந்தது.

கேள்வி: அப்போ கிட்னிக்கென்று எதைத்தான் சாப்பிடுவது?

பதில்: முதலில் பிரஷர், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வையுங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போனால் ராமிப்ரில் அல்லது டெல்மிசார்ட்டான் என்ற பிரஷர் மாத்திரை. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை உதவுகிறது என்று 2020-இல் தெரியவந்தது. யாருக்கு எது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். லிப்பிட் (கொழுப்பு) ரிப்போர்ட்டைப் பத்திரமாக ஃபைலில் வைத்திருப்பவர்கள்கூட யூரின் ஆல்புமின் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தாயிற்று. ஏற்கெனவே சாப்பிடும் ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், தொடரட்டும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஆரம்பிப்பதுதான் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. 2005-இல் அட்டோர்வாஸ்டாட்டினையும் 2009-இல் ரோசுவாஸ்டாட்டினையும் அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான பலன் இல்லை.

கேள்வி: என் இஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் திறனின் அளவு) 25. ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. சாப்பிடுகிறேன். சரியா சார்?

பதில்: அதிகம். 30-க்குக் கீழே போனால் 5 மி.கி.யில் தொடங்கி 10-ஐத் தாண்டக்கூடாது. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். அட்டோர்வாஸ்டாட்டினுக்கு இப்படி அளவைக் குறைக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் கல்லீரல் வழியாகவே வெளியேறுகிறது.

கேள்வி: ஸ்டாட்டினே கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: மிக அரிதாகத் தசை சிதைந்து, அந்தக் கழிவு கிட்னியை அடைத்துக்கொள்வதுண்டு. கடுமையான தசைவலியோடு சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கூடவே கூடாது. சளி, தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் எழுதும்போதே ‘நான் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்.