செக் மொழியில் ஐ (i), ஒய் (y) என்ற எழுத்துகள் இரண்டும் ஒரே ஒலிதானே, ஒன்றைத் தூக்கிவிட்டால் என்ன?

செக் மக்களே அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது. முன்பு இரண்டுக்கும் தனித்தனி உச்சரிப்பு இருந்தது, பிறகு ஒன்றாகிவிட்டது, எழுத்து மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ‘பீட்’ என்பதை ஒய் போட்டு எழுதினால் ‘இருப்பது’, ஐ போட்டால் ‘அடிப்பது’. பி, எம், வி மாதிரியான சில எழுத்துகளுக்குப் பின் எங்கெல்லாம் ஒய் வரும் என்று மூன்றாம் வகுப்பிலேயே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

பெரியவர்களே தடுமாறுவது இறந்தகால வினையில். பெண்கள் மட்டும் வந்தால் கடைசியில் ஒய், ஆண்கள் வந்தால் ஐ, அப்புறம் நூறு பெண்களோடு ஒரே ஒரு ஆண் வந்தாலும் ஐதான் (இது நியாயமா என்று கேட்காதீர்கள்).

சரி, எடுத்துவிடலாமா? டி (d), டீ (t), என் (n) மூன்றுக்கும் பின்னால் இந்த எழுத்தை வைத்துத்தான் மெய்யை மென்மையாகச் சொல்வதா வன்மையாகச் சொல்வதா என்றே தெரியும், அதனால் சும்மா நீக்கிவிட முடியாது.

ப்ராகில் உள்ள செக் மொழி நிறுவனம் சட்டம் போடுகிறது என்று பலர் நம்புவதும் சரியல்ல. 1993 எழுத்து விதிகள் பள்ளிக்கூடத்துக்குத்தான் கட்டாயம். வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது தப்பாக எழுதினால் யாரும் அபராதம் கேட்கப் போவதில்லை, சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான்.