எஞ்சினே இல்லாத கிளைடர் போட்டியில் ஒரு கிளைடர் இன்னொன்றை எப்படி முந்துகிறது?

"காற்று எல்லோருக்கும் ஒன்றுதான், எஞ்சினும் கிடையாது. அப்புறம் போட்டி கிளைடர்களில் ஒன்று இன்னொன்றைவிட எப்படி உசத்தி?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் வட்டமடித்து உயரம் சேர்ப்பார்கள். அந்த உயரத்தைச் செலவழித்து அடுத்த எழுகாற்று வரை பாய்வார்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்தை வைத்து எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதில்தான் கிளைடரின் தரம் இருக்கிறது; இதைச் சறுக்கு விகிதம் என்பார்கள். 1950களின் நல்ல மரக் கிளைடர்களுக்கு அது 30-ஐ ஒட்டியே இருந்தது.

காரணம் மரம்தான். ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நாளாக ஆக, உள்ளே இருக்கும் விலாச் சட்டங்கள் மேல்தோலில் மெல்லிய மேடுகளாகப் புடைக்கும். விரலால் தடவினால்தான் தெரியும். ஆனால் அந்த மேடு போதும், இறக்கையை ஒட்டி அமைதியாக ஓட வேண்டிய காற்று கலைந்து, கிளைடரைப் பின்னுக்கு இழுக்கும் இழுவை கூடிவிடும். முன்விளிம்பில் ஒட்டும் பூச்சிகள்கூட இதே வேலையைச் செய்யும். பறக்கும்போதே அவற்றை வழித்தெடுக்க இன்று இறக்கையோடு ஓடும் துடைப்பான் வைத்திருக்கிறார்கள்.

1957-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நேகெலேயும் எப்ளரும் வடிவமைத்த ஃபீனிக்ஸ் பறந்தது. ஃபைபர் கிளாஸில் செய்த முதல் கிளைடர் அது. கண்ணாடியிழைத் துணி, ரெசின், நடுவில் பால்சா கட்டை. வரைபடத்தில் போட்ட வளைவு அப்படியே இறக்கையில் நின்றது.

ஆனால் போட்டி உலகத்தையே புரட்டிப் போட்டது ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக மாணவர்கள் அதே ஃபைபர் கிளாஸில் கட்டி 1964-ல் பறக்கவிட்ட டி-36 என்பேன். இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 17.8 மீட்டர், சறுக்கு விகிதம் சுமார் 44. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் நடந்த உலகப் போட்டியில், இறக்கை நீளத்துக்கு வரம்பில்லாத ஓபன் பிரிவில் ரோல்ஃப் ஸ்பேனிக் இதில் பறந்து இரண்டாம் இடம் பிடித்தார்.

அதைவிடப் பெரிய கதை அதற்குப் பிறகுதான். அதைக் கட்டிய மாணவர்களில் மூன்று பேர் ஒன்றோடொன்று போட்டியிடும் மூன்று கிளைடர் நிறுவனங்களுக்குப் போனார்கள். கெர்ஹார்ட் வைபெல் ஷ்லைஹரில் ஏஎஸ்டபிள்யூ வரிசையையும், கிளாவ்ஸ் ஹோலிகவுஸ் ஷெம்ப்-ஹிர்த்தில் நிம்பஸையும், வோல்ஃப் லெம்கே ரோலாடன்-ஷ்னைடரில் எல்எஸ் வரிசையையும் உருவாக்கினார்கள். 1970-ல் டெக்சாஸின் மார்ஃபாவில் நடந்த உலகப் போட்டியில் ஓபன் பிரிவை நிம்பஸும், இறக்கை 15 மீட்டரைத் தாண்டக் கூடாத ஸ்டாண்டர்ட் பிரிவை எல்எஸ்-1-ம் வென்றன. 1972 ஏப்ரல் 25 அன்று ஹான்ஸ்-வெர்னர் க்ரோஸே, வைபெலின் ஏஎஸ்டபிள்யூ-12-ல் ஜெர்மனியின் லூபெக்கில் கிளம்பி பிரான்சின் பியாரிட்ஸ் வரை 1,460 கிலோமீட்டர் பறந்தார்.

ஆனால் அந்த ஏஎஸ்டபிள்யூ-12-ல் வழக்கமான ஏர்பிரேக் (இறங்கும்போது இறக்கையிலிருந்து எழுந்து இழுவையைக் கூட்டும் தகடு) கிடையாது. தரையிறங்க வால் பாராசூட்டை நம்ப வேண்டும். அது விரியாவிட்டால் சின்ன வயலில் இறங்குவது பெரும்பாடு. அதனால் எது உசத்தி என்று கேட்டால் என் ஓட்டு லெம்கேயின் எல்எஸ்-4-க்குத்தான். 1980-ல் வந்தது, 1,000-க்கு மேல் கட்டினார்கள். பந்தயத்திலும் ஜெயிக்கும், அனுபவம் குறைந்தவர் கையிலும் சாதுவாகப் பறக்கும்.