பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகின் உள்பக்கத்தைப் பெயின்ட்டுக்கு முன் எப்படித் தேய்த்துத் தயார் செய்வது?

உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் கழுவுங்கள். உள்பக்கப் பெயின்ட் தகடு தகடாக உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் தேய்த்தது போதாமல் போனதல்ல. தேய்ப்பதற்கு முன் பிசுக்கு போகாததுதான். பழைய படகில் டீசல், சமையல் எண்ணெய், பூஞ்சை, மெழுகு எல்லாம் படிந்திருக்கும். அதன்மேலேயே சாண்டரை (தேய்க்கும் இயந்திரத்தை) ஓட்டினால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

டிடர்ஜென்ட் கலந்த வெந்நீரும் பிரஷ்ஷும் போதும். படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளமான பில்ஜுக்கு மட்டும் பிசுக்கு நீக்கும் டீகிரீசர் வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் மெழுகு நீக்கும் சால்வென்ட் (கரைப்பான்). நனைத்த துணியால் கொஞ்சம் இடத்தைத் துடைத்து, அது காய்வதற்குள் மறுகையிலுள்ள உலர்ந்த துணியால் வழித்தெடுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் துடைத்தால் மெழுகு இடம் மாறுமே தவிர வெளியேறாது. கடைசியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: படலமாகப் பரவினால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி துடைக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கவனம் தேவை. சால்வென்ட் ஆவி காற்றைவிடக் கனமானது, பில்ஜில் போய்த் தேங்கும். அங்கே தானாக ஓடும் பம்ப்பின் ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மின்விசிறியை வெளியே வைத்துச் சுத்தமான காற்றை உள்ளே தள்ளுங்கள். ஆவி மோட்டார் வழியாகப் போகக் கூடாது.

கூரையில் ஃபோம் ஒட்டிய வினைல் இருந்தால், கிழித்தபின் மிஞ்சும் ஃபோமும் பசையும் உப்புத்தாளின் சூட்டில் இளகித் தாளை அடைத்துவிடும். டிரில்லில் மாட்டிய பிரஷ்ஷால் ஃபோமைச் சுரண்டி, பசையைச் சால்வென்டால் எடுங்கள். பொதுவாகவே தாள் சீக்கிரம் அடைபட்டால் அடியில் பிசுக்கோ முழுதாக இறுகாத ரெசினோ இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஃபைபர்கிளாஸின் மேலிருக்கும் வழவழப்பான பூச்சான ஜெல்கோட்டுக்கு 80 நம்பர் உப்புத்தாள், பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன் 120 (நம்பர் குறையக் குறையத் தாள் கரடாகும்). ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்; அடியிலுள்ள கண்ணாடி நார்த் துணியின் நெசவு தெரிய ஆரம்பித்தால் நிறுத்துங்கள். லாக்கருக்குள் (சாமான் வைக்கும் அறைக்குள்) இருக்கும் கரடுமுரடான ரோவிங்கை (தடித்த கண்ணாடி நார் நெசவை) வழவழப்பாக்கப் பார்க்காதீர்கள், நார்தான் அறுபடும். நீட்டிக்கொண்டிருக்கும் முட்களை மட்டும் 60 நம்பரால் தட்டிவிட்டு, மேலே கெட்டியாக்கிய எபாக்சியால் பட்டி போடுங்கள். தடுப்புப் பலகை ஹல்லோடு (படகின் வெளி உடலோடு) சேரும் இடங்களைச் சிறு சுத்தியால் தட்டுங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் அங்கே ஒட்டிய ஃபைபர்கிளாஸ் அடுக்கு (லேமினேட்) விட்டுப்போயிருக்கிறது. அங்கே கிரைண்டரில் 36 நம்பர் போட்டு, தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக இறக்கிப் புதிதாகக் கட்ட வேண்டும்.

எபாக்சி இறுகியதும் மேலே பிசுபிசுப்பான அமீன் படலம் வரலாம். அது தண்ணீரில் கரையும், சால்வென்டில் சரியாகப் போகாது. தண்ணீரும் ஸ்கிரப்பரும் கொண்டு கழுவிய பிறகே தேய்க்க வேண்டும்.

முகத்துக்கு நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டியும் ஆவி கார்ட்ரிட்ஜும் உள்ள மாஸ்க். என்95 சால்வென்ட் ஆவியைத் தடுக்காது. சாண்டரை வாக்கூமோடு இணையுங்கள். தேய்க்கும்போது விசிறியை முன்பக்க ஹாட்ச்சில் (மேல்தளத் திறப்பில்) வெளிநோக்கித் திருப்பி, படியிறங்கும் வாசலைத் திறந்து வையுங்கள். தூசி ஒயர் கட்டுகளுக்குப் பின்னாலும் லாக்கர் மூலைகளிலும் ஒளிந்திருக்கும், வாக்கூமை இரண்டு முறை ஓட்டுங்கள். கடைசியாகச் சால்வென்டால் ஒருமுறை துடைத்து, அது முழுதாக ஆவியானபின், முடிந்தால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.